வழக்கையும் பிழையென்று பதிந்தோம்

ஜூட் தொலைபேசியில் அழைத்தபோது நான் கனடாவில், மார்க்கம் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். வேலைநேரத்தில் அழைக்கிற ஆள் இல்லை அவன். வெளியே வந்து எடுத்தேன்.

"அக்கா, எங்கட கொம்பனிக்கு மேல அமெரிக்காவில கேஸ் போட்டிருக்கினம். எல்லாம் எங்கட வரிசையாலதான்."

'வரிசை' நானும் ஜூட்டும் தொடங்கிய மென்பொருள். ஒரு ட்றக் போகவேண்டிய இடங்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும். இடையில் ஒரு வாடிக்கையாளர் இன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால், மிச்ச இடங்களைத் தானாகவே திரும்ப அடுக்கும். அது திறமூல மென்பொருள். நிரல் முழுவதும் இணையத்தில் கிடக்கும். யாரும் இலவசமாகப் பாவிக்கலாம், திருத்தலாம். பல நாடுகளில் இருந்தும் முகம் தெரியாத ஆட்கள் திருத்தித் தந்தார்கள்.

நான் பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் புரோகிராமர். வரிசைக்கு எனக்குக் கிடைத்தது சனி, ஞாயிறு மட்டும். ஜூட்டுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. மன்னாரில் இருந்து வந்த பெடியன், பிறம்ரனில் தேவராசா அண்ணையின் ட்றக் கொம்பனிக்கு இருந்த ஒரேயொரு புரோகிராமர். அந்தக் கொம்பனி ஓடியதே வரிசையில்தான் என்பதால், வேலைநேரத்திலும் அதை எழுத அண்ணை விட்டார். திரும்ப அடுக்குகிற பகுதி முழுக்க ஜூட்டின் கைவேலை. அதில் சில இடங்கள் எனக்கே விளங்காது.

வழக்குப் போட்ட நிறுவனம் ட்றக் ஓட்டுவதில்லை, மென்பொருள் செய்வதுமில்லை. அதன் கையில் இருந்தது ஒரு காப்புரிமை, ஆங்கிலத்தில் பேற்றன்ற். நிறுத்தம் ஒன்று இரத்தானால் மிச்ச நிறுத்தங்களைக் கணினி மீண்டும் ஒழுங்குபடுத்தும் முறைக்காம். வீடு வீடாகப் பத்திரிகை போடுகிறவர் தினமும் மனத்துக்குள் செய்கிற வேலை அது. அதற்கும் ஒரு காப்புரிமை கொடுத்திருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்கக் காப்புரிமை கனடாவில் செல்லாதுதான். ஆனால் அண்ணையின் ட்றக்குகள் எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போய்வந்தன. வரிசையை எழுதிய எங்கள் இருவர் மேல் ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்பீர்கள். எங்களிடம் பிடுங்க என்ன இருக்கிறது?

எங்கள் பழக்கம்

திறமூலக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எது பிழைத்தாலும் பொதுப் பக்கத்தில் ஓர் இஷ்யூ, அதாவது பிழைப் பதிவு, திறப்போம். என்ன பிழை, எங்கே வருகிறது என்று விபரமாக எழுதுவோம். தெரிந்தவர்கள் வந்து பதில் எழுதுவார்கள். பிழை தீர்ந்ததும், பதிந்தவரே சரிபார்த்து இஷ்யூவை மூடவேண்டும். வேறு யாரும் மூடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். இந்தச் சட்டத்தை மீறியதற்காக ஆட்களை நான் ஏசியும் இருக்கிறேன்.

ஜூட் வழக்கையும் பிழையாகவே பதிந்துவிட்டான். 'எங்கள் கொம்பனி மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். காப்புரிமையில் எழுதியிருப்பதும் நாங்கள் செய்வதும் ஒன்று போலத் தெரிகிறது. யாருக்காவது தீர்வு தெரியுமா?' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி, காப்புரிமையையும் இணைத்திருந்தான். நான் அதைப் பார்த்தேன். நல்ல விபரமாக எழுதியிருக்கிறான் என்றுகூட நினைத்தேன். எங்களுக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

உதவி வந்து குவிந்தது. ஒருவர் காப்புரிமையின் முதற் பந்திக்கு நேரே எங்கள் நிரலின் எந்த வரி என்று காட்டினார். இன்னொருவர் படமே கீறிப் போட்டார். 'ஆமாம், அப்படியே அதேதான்' என்று கீழே கட்டைவிரல்கள் உயர்ந்தன.

தேவராசா அண்ணையின் வழக்கறிஞர் சங்கீதா யூனியன்வில்லில் வளர்ந்த பிள்ளை. அடுத்த நாள் எனக்கு அழைத்தாள்.

"அன்ரி, இதெல்லாம் யார் எழுதினது? அவங்கட லோயர்ஸ் இனி சும்மா இருக்கலாம். ஹோம்வேர்க் முழுக்க நீங்களே செய்து குடுத்திட்டீங்கள்."

"இப்பவே அழிச்சுப்போடட்டோ?"

"நோ, ப்ளீஸ்! அழிச்சா இன்னும் வேர்ஸ். எவிடன்ஸை ஒளிச்சதெண்டு சொல்லுவினம். அதைத் தொடாதேங்கோ. புதுசா ஒண்டும் ரைப் பண்ணவும் வேண்டாம். ஜூட் அண்ணாவும் உங்களோட கேஸைப் பற்றிக் கதைக்கக்கூடாது."

எல்லோரும் வாய் மூடினார்கள்

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு எதிராக எந்த நீதிபதியும் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் வரிசை சாகத் தொடங்கிவிட்டது. படம் கீறியவரின் அலுவலகம் அவரை இந்தப் பக்கமே போகவேண்டாம் என்றது. அடுத்தவர் காரணம் சொல்லாமல் நின்றார். திருத்தங்கள் வருவது குறைந்து, பிறகு இல்லாமலே போயிற்று. ஜூட் என்னோடு மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் மட்டும் கதைத்தான்.

வோபர்னில் ஞானம் அன்ரி தொண்டர்களை வைத்து, வீட்டைவிட்டு வெளிக்கிட ஏலாத முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவர். அவரும் வரிசையைத்தான் பாவித்தார். ஒருநாள் அழைத்தார்.

"பிள்ளை, நாங்களும் கோட்டுக்கு ஏறவேணுமோ? எனக்கு நெஞ்சு படபடக்குது."

"உங்களை ஆர் அன்ரி பிடிக்கப் போகினம்?"

"அப்ப ஒண்டும் நடக்காதெண்டு எழுதித் தாறீரோ?"

அதை நான் எழுதிக் கொடுக்க முடியாது. அன்ரி வரிசையை நிறுத்திவிட்டுக் கையால் அடுக்கினார். சோறு ஆறிப்போய்ப் போகிறது என்று பிறகு சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

கடைசியில் தேவராசா அண்ணை வழக்குப் போட்டவர்களோடு சமாதானமாகப் போனார். நேரே போய்க் கேட்டேன்.

"வெல்லலாம் எண்டுதானே அண்ணை சங்கீதா சொன்னவ?"

"ஓம் தங்கச்சி, வெல்லலாம். வெல்லும்வரைக்கும் கேஸ் செலவைத் தாங்கிக் கொம்பனி இருக்கவேணுமே? இதுக்குமேல என்னைக் கேளாதையும். நான் கதைக்கேலாது. எங்கட ஆக்கள் ஒருத்தரும் இனி வரிசையில கை வைக்கமாட்டினம்."

அன்று பின்னேரம் ஜூட் தன் பெயரை வரிசையை எழுதுகிறவர்கள் பட்டியலில் இருந்து தானே எடுத்துவிட்டான். ஒரு வரி எழுதவில்லை. அண்ணையில் எனக்குக் கோபம் இல்லை. அவரை நம்பி அத்தனை குடும்பங்கள் இருந்தன. ஜூட்டில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று மனம் கிடந்து புழுங்கியது.

மிச்சம்

திரும்ப அடுக்குகிற பகுதியை நான் வெட்டி எடுத்தேன். ஜூட்டின் நிரலைச் சொந்தக் கையால் அழிப்பது கொடுமையான வேலை. இப்போது ஒரு நிறுத்தம் இரத்தானால், அடுத்து எங்கே போவதென்று சாரதியே தெரிவு செய்யவேண்டும். சங்கீதா பார்த்துவிட்டு ஓம் என்றாள். ஞானம் அன்ரி திரும்ப வந்தார். "முந்தினது எவ்வளவு நல்லம்" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார். எனக்குத் தெரியாதா?

அந்த வருடம் முதற் பனி கொட்டிய காலை, வாசலில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஜூட். பிறம்ரனில் இருந்து அந்தப் பனிக்குள் நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் வந்து, என் கார் நிற்கிற ட்றைவ்வேயில் ஸ்நோ தள்ளிக்கொண்டு நிற்கிறான்.

"உமக்கென்ன விசரோ? இந்த வெதருக்குள்ள ஆராவது வருவினமோ?"

"உங்களுக்கு முழங்கால் ஏலாதெல்லோ அக்கா." பனி தள்ளுகிற சவளை ஊன்றிக்கொண்டு நின்றான். "அதில நான் கை வைக்கேலாது. இதில வைக்கலாம்தானே."

என் கோபம் அந்த இடத்திலேயே முடிந்தது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். ஞானம் அன்ரியின் முறைப்பாட்டைச் சொன்னேன். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். கோப்பையை வைக்கும்போது மட்டும் சிரித்தான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஜூட் இப்போதும் பனி கொட்டினால் வருகிறான். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எல்லாவற்றையும் திறந்து பேசுங்கள். எங்கள் பலமே அதுதான். வழக்கு என்று கடிதம் வந்தால் மட்டும் முதலில் வழக்கறிஞருக்கு அழையுங்கள், விசைப்பலகையைத் தொடாதீர்கள். கூட வேலை செய்தவர் திடீரென்று வாய் மூடினால் ஏசாதீர்கள். அவரால் சொல்ல முடியாத காரணம் இருக்கலாம்.

ஜூட் பதிந்த இஷ்யூ இன்றும் திறந்தே கிடக்கிறது. வரிசையை இப்போது பார்க்கிற பிள்ளைகள், பழைய குப்பைதானே, மூடிவிடட்டுமா என்று கேட்டார்கள். பதிந்தவர்தான் வந்து மூடவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.