குப்பைப் பையின் முடிச்சு

எங்கள் குடியிருப்பில் குப்பையைப் பிரித்துப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்ததே டெய்லரக்காதான். தரைத்தளத்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்து வகுப்பெடுப்பார். சமையல் கழிவு பச்சைத் தொட்டியில், காகிதமும் பிளாஸ்டிக்கும் நீலத் தொட்டியில், உடைந்த கண்ணாடி என்றால் காகிதத்தில் சுற்றித் தனியாக. எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். மேலே போய் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து, இறுக்கி முடிச்சுப் போட்டு, இரண்டு விரலால் பிடித்தபடி கொண்டுவந்து வீசிவிட்டுப் போவார்கள். பையை அவிழ்த்துக் கொட்டச் சொன்னால் அசிங்கமாம். தன் வீட்டில் தின்று மிஞ்சியதைத் தான் பார்க்க அசிங்கம். அதை அவிழ்க்க ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு மூக்கு இல்லையா? நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஒருத்தியை நாங்கள் குருவி என்போம். அவ்வளவு சின்ன உடம்பு. தினமும் காலையில் பின்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்து பைகளைப் பிரிப்பாள். ஒரு நாள் பைக்குள் கிடந்த உடைந்த கண்ணாடி டம்ளர் அவள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. டெய்லரக்கா தைத்துக்கொண்டிருந்த துணியையே கையில் சுற்றி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். நரம்பு அறுந்திருக்கிறது, கட்டைவிரல் பழையபடி மடங்குமா என்பது ஆறிய பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சங்கச் செயலாளர் பூசி மெழுகப் பார்த்தார். கையுறை போடாதது அவள் தப்பு, கை ஆறும்வரை வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார். கையுறை வாங்கித் தராத புண்ணியவானே அவர்தான். வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் குருவிக்கு இந்த வேலை போனதுதான். அவள் வீட்டில் அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்.

டெய்லரக்கா முற்றத்தில் நின்று எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வேற ஆள் யாரும் வேணாம். அந்தப் பையைப் போட்டது யாரோ, அவங்கதான் இவ கை ஆறுற வரைக்கும் இங்க உக்காந்து பிரிக்கணும். சம்பளம் இவளுக்கு. யாருன்னு கண்டுபிடிக்காம நான் விடமாட்டேன்."

செயலாளர் உடனே சரி என்றார். எங்கே கண்டுபிடிக்கப் போகிறாள் என்ற தைரியம்.

அக்கா கதவு கதவாகத் தட்டினார். எல்லா வீட்டிலும் உத்தமர்களே குடியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பேங்க்காரர் மேல்தான் எங்களுக்குச் சந்தேகம். அக்கா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, முதலில் பையைப் பாருங்கள், அப்புறம் என்னைத் திட்டுங்கள் என்றார்.

அக்கா, அவர், நான் என்று மூவருமாகக் கொட்டகைக்குப் போனோம். பை அங்கேயே கிடந்தது. பக்கவாட்டில் கிழிந்து, ரத்தம் காய்ந்து, மேல் முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரட்டைச் சுற்று, நுனியை முறுக்கி அடிவழியே செருகிய முடிச்சு. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் லாரிகளில் பாரம் கட்டியே காலம் தள்ளியவர். அவர் கட்டிய மூட்டையைக் கத்தரி இல்லாமல் பிரிக்க முடியாது என்று அக்காவே எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

பேசாமல் பையைச் சுருட்டி எறிந்திருக்கலாம். அக்கா முற்றத்துக்கு வந்து, முன்பு கத்திய அதே குரலில், "இது எங்க வீட்டுப் பை" என்றார்.

டம்ளர் கைதவறி விழுந்ததாம். காகிதம் தேடச் சோம்பலாம். மனைவி திட்டுவாளே என்று உள்ளே தள்ளிக் கட்டிவிட்டாராம். குருவியின் கை கிழிந்தது தெரிந்த பிறகும் மனிதர் வாயைத் திறக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை நாலு அறை விடலாம் போல இருந்தது.

சாயங்காலம் அக்காவோடு நானும் குருவி வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அக்கா விஷயத்தைச் சொன்னார். குருவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்க்கா. அந்த முடிச்சு அவிழாது. எப்பவும் பக்கத்துல கிழிச்சுத்தான் எடுப்பேன்."

"எப்பவுமா? ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"அங்க எனக்காகப் பேசுறது நீங்க ஒருத்தர்தான். உங்க வீட்டையே குத்தம் சொல்லிட்டா, அப்புறம் நான் யார்கிட்டக்கா போவேன்?"



மறுநாள் காலையில் வீட்டுக்காரர் கொட்டகையில் உட்கார்ந்தார். மாடிகளில் இருந்து அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். கையுறை கேட்டார். செயலாளரைக் கேளுங்கள் என்றார் அக்கா. குவியலில் இருந்து அவர் கையில் முதலில் வந்தது, முந்தின நாள் அவரே கட்டிப் போட்ட பை. இழுத்துப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை.

"அந்தக் கத்தரியைக் கொஞ்சம் குடு."

"அவகிட்டக் கத்தரி இருந்துச்சா?" என்றார் அக்கா.

அவர் மறுபடி குனிந்து நகத்தால் முடிச்சைக் கிள்ளத் தொடங்கினார்.