உருளைச் செடியில் காய்த்தவை

அந்தத் தெருவில் அவளைக் கத்தரி என்றுதான் சொல்வார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் நாளெல்லாம் கத்தரிக்கோலும் கையுமாக நிற்பதாலா, வீட்டுக்குப் பின்னால் கத்தரிக்காய் போட்டிருப்பதாலா, வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவரை இரண்டாக வெட்டிப் போடுவதாலா என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் அந்த மூன்றாவது இருக்கிறதே, அப்பப்பா! தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்க வருகிறவர்கூட அவள் வேலைக்குப் போயிருக்கிறாளா என்று விசாரித்துவிட்டுத்தான் மணியடிப்பார்.

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். போனால் போன இடம், வந்தால் வந்த நாள். பேச ஆளில்லாத வீட்டில் ஒருமுறை கூடையில் கிடந்த உருளைக்கிழங்கெல்லாம் முளைவிட்டுவிட்டது. குப்பையில் போடத்தான் எடுத்துப் போனாள். என்ன நினைத்தாளோ, துண்டுக்கு ஒரு கண் இருக்கும்படி நறுக்கி, பழைய சிமெண்டுச் சாக்கில் மண்ணை நிரப்பிப் புதைத்துவிட்டாள். அந்தச் சாக்கைக் கவிழ்த்துக் கிழங்கு பொறுக்கிய அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அப்புறம் விடவேயில்லை. உடைந்த ஓடும் களையுமாகக் கிடந்த பின்கட்டு பீன்ஸ் கொடியும் கீரையும் கத்தரியுமாக நிறைந்தது. தையல் கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், "வீட்டுக்காரர் வந்தா அவரையும் ஒரு சாக்குல நட்டு வச்சிடுவே" என்று கிண்டல் செய்வார்கள். "நட்டா முளைக்கிற ஆளா அவரு?" என்பாள் இவள்.

இடம் குறுகல். அதனால் உருளைச் சாக்குகளையும் தக்காளித் தொட்டிகளையும் தோளோடு தோளாக நெருக்கி வைத்திருந்தாள். அந்த வருஷம் குளிர் நல்லபடியாக நீடித்ததில் உருளை பூத்துக் குலுங்கியது. பூ பூத்தால் கிள்ளிவிடு, செடியின் சத்து கிழங்குக்குப் போகட்டும் என்று விதைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். இவளுக்கு மனசு வரவில்லை. பூ உதிர்ந்த இடத்தில் பச்சைப் பசேலென்று குட்டித் தக்காளி போலக் கொத்துக் கொத்தாகக் காய் பிடித்தது. "அதை மட்டும் வாயில வச்சிடாதேம்மா, விஷம்" என்று கடைக்காரர் எச்சரித்தார். யார் வாயில் வைக்கப் போகிறார்கள் என்று இவளும் அதை மறந்துபோனாள்.

அப்போதுதான் டிரைவர் லாரிப் படியில் கால் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். மணியடித்தால் தட்டில் சாப்பாடு வரும் இடத்தில் ஆயுள் முழுக்க இருந்தவளுக்கு அடுப்பைத் தெரியாது, செடி கொடியைச் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் தம்பிக்குத் தன் கையால் ஆக்கிப் போடவேண்டும் என்று ஆசை. சோறு குழைந்தால் கத்தரி சிரிப்பாள். உப்பு கூடினால், "அண்ணி, கடலுக்கே போய்த் தண்ணி மொண்டுட்டு வந்தீங்களா?" என்பாள். சொல்லிவிட்டு மறந்துவிடுவாள். கேட்டவள் மறக்கவில்லை.

அன்று காலை கத்தரி வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் நாத்தனார் குறுக்கே வந்து நின்றாள்.

"ஏம்மா, மதியத்துக்குக் குழம்பு வைக்கலாம்னு பாத்தேன். தக்காளி இல்லையே?"

"தோட்டத்துல இருக்கு, பறிச்சுக்குங்க."

"ஒண்ணும் பழுக்கலையே..."

"பழுக்கலேன்னா காயைப் பறிங்க! புளிப்புதானே வேணும்? அதையும் நான் வந்து விரலை நீட்டிக் காட்டணுமா? கண்ணு தெரியுதுல்ல?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் வழக்கம்போல நேரே பின்பக்கம் போனாள். தக்காளிச் செடியில் காய் வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்துச் சாக்கில் உருளைச் செடிகள் மொட்டையாக நின்றன. ஒரு கொத்து மிச்சமில்லை. எலி கடித்திருந்தால் செடி சாய்ந்திருக்கும், பறவை கொத்தியிருந்தால் கீழே சிந்தியிருக்கும். இது மனுஷக் கை. சமையலறைக்கு ஓடிக் குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். வெங்காயத் தோலுக்கு நடுவே பச்சைக் காம்புகளாக உதிர்ந்தன. குழம்புச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"அண்ணி! என்னத்தைப் போட்டு ஆக்கினீங்க?"

நாத்தனார் கூடத்து நாற்காலியிலிருந்து எழுந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "நீ சொன்னபடி காய்தான். சின்னதா இருந்துச்சே, பிஞ்சா இருக்கும்னு..."

"அது தக்காளி இல்ல! உருளைச் செடியில காச்சது. விஷம்! அத்தனையும் விஷம்!"

அவள் கட்டிலுக்கு ஓடினாள். டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கினாள். கண் திறக்க நேரமாயிற்று. அந்த நேரத்துக்குள் இவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஏங்க, மதியம் குழம்பு சாப்பிட்டீங்களா?"

அவர் அக்காவைப் பார்த்தார், அப்புறம் இவளைப் பார்த்தார். "சாப்பிட்டேனே. நல்லாத்தான் இருந்துச்சு."

"ஐயோ, நல்லா இருந்துச்சாம்! தலை சுத்துதா? வயித்தைப் புரட்டுதா?"

"நீ உலுக்கின உலுக்கலுக்குத் தலை சுத்தாம என்ன செய்யும்?"

அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பக்கத்து வீட்டுப் பெயிண்டரைக் கத்திக் கூப்பிட்டாள். அவர் வேனில் இருந்த பெயிண்ட் டப்பாக்களைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்து, கட்டுப்போட்ட கால் இடிக்காமல் டிரைவரைத் தூக்கிக் கிடத்தினார். நாத்தனாரும் தம்பியின் துண்டைக் கையில் பிடித்தபடி ஏறி ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். வேன் குலுங்கும்போதெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக் குனிந்தாள். பயத்தில் குனிகிறாள் என்றுதான் கத்தரி நினைத்தாள்.

"ஏம்மா, எனக்கு..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"ஒரு வார்த்தை பேசாதீங்க! அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..." என்று இழுத்தாள். கத்தரி திரும்பிப் பார்த்த பார்வையில் அதுவும் அடங்கிப்போயிற்று. உள்ளுக்குள் கத்தரிக்கு எரிந்தது வேறு. காயைப் பறிங்க என்று சொன்னது யார்? கண்ணு தெரியுதுல்ல என்று கேட்டது யார்? அதை நினைக்க நினைக்க இன்னும் உரக்கத் திட்டினாள். ஒரு சிக்னலில் நின்ற நேரத்தில் பெயிண்டரையும் சேர்த்துத் திட்டினாள். பாவம், அவர் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டிரைவரின் நாடியைப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். கத்தரி பக்கத்தில் நின்று உருளைக் காய், விஷம், ஒரு கொத்து விடாமல் போச்சு என்று ஒப்பித்துக்கொண்டே இருந்தாள்.

"இவர் நல்லா இருக்காரேம்மா. எவ்வளவு சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

டிரைவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அக்கா அங்கே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒரே ஒரு வாய். நாக்குல வைக்க முடியலை, அவ்வளவு கசப்பு. அவ ஆசையா ஆக்கினது, எப்படிச் சொல்றது? தண்ணி கொண்டு வரச் சொல்லிட்டு, தட்டுல இருந்ததைப் பேப்பர்ல மடிச்சு ஜன்னல் வழியா எறிஞ்சிட்டேன்."

கத்தரி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நாசமாப் போச்சு, அதை வீட்டிலேயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள். பிழைத்துக்கிடக்கிறார், போதும் என்று கண்ணைத் துடைத்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு செடி விடாமல் பறித்த காய். இவர் தின்றது ஒரு வாய், எறிந்தது ஒரு தட்டு. சட்டியோ வழித்துக் கழுவி வைத்திருந்தது. மிச்சமெல்லாம் எங்கே?

வெளியே ஓடினாள். நாத்தனார் பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். மடியில் இருந்த துண்டு முழுக்க வாந்தி. உதடு வெளுத்திருந்தது.

"அண்ணி! அண்ணி! நீங்களும் சாப்பிட்டீங்களா?"

தலை அசைந்தது. அவ்வளவுதான், பெஞ்சிலிருந்து சரிந்தாள். கத்தரி அவளைத் தரையில் விழவிடாமல் தாங்கிக்கொண்டு போட்ட கூச்சலில் அந்த நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் ஓடிவந்தார்கள்.

உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். குழாய் வைத்து வயிற்றைக் கழுவுகிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். வயசானவர், உடம்பு தண்ணீரையெல்லாம் இழந்திருக்கிறது, கூட்டி வந்ததுமே சொல்லியிருந்தால் நல்லது என்றும் சொன்னாள். கத்தரி அந்தக் கதவுக்கு நேரே நின்றாள். பெயிண்டர் டீ வாங்கி வந்து நீட்டினார். வாங்கியவள் குடிக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். வேனில் இரண்டு தரம் பேச வாய் திறந்தாளே, இரண்டு தரமும் நான்தானே அடைத்தேன் என்று மனசு குத்திக் கிழித்தது. செத்துப்போனால் கடைசியாக அவளிடம் பேசியது அந்தப் பேச்சாகவா இருக்கவேண்டும்?

கதவு திறந்தது. இனிப் பயமில்லை, நாடி சீராகிவிட்டது, பார்க்கலாம், அதிகம் பேச வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. டிரைவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளி வந்தார்கள். நீட்டிய கால் இடித்து நாற்காலி வாசலிலேயே நின்றுவிட, கத்தரி மட்டும் உள்ளே போனாள்.

கையில் ஊசி குத்தி மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் கண் மூடியிருந்தாள். கத்தரி மெதுவாகத்தான் பேசவேண்டும் என்று நினைத்தாள். ஆனால் தேங்கியிருந்த பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"வாயில வைக்க முடியாத கசப்பாமே அண்ணி! கசந்தா கீழ கொட்டவேண்டியதுதானே? எதுக்கு அத்தனையையும் சாப்பிட்டீங்க?"

நாத்தனார் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். தொண்டை கரகரத்தது.

"கொட்டினா கூடையில பாப்பே. விட்டு வச்சா சட்டியில பாப்பே. இதுக்கும் ஏதாவது சொல்லிக் காட்டுவியேன்னு பயமா இருந்துச்சும்மா. அதான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நானே தின்னு முடிச்சேன்."

கத்தரிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளை யாரும் இவ்வளவு பெரிதாகத் திட்டியதில்லை. திட்டுகிறோம் என்றுகூடத் தெரியாமல் திட்டிவிட்டு நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். ஊசி குத்தாத கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்றா அக்கா?" என்று வாசலிலிருந்து டிரைவர் கேட்டார்.

"என்னைப் பத்திச் சொல்றாங்க" என்றாள் கத்தரி.