கேள்வி டாக்டரின் பின்மண்டை

முதல் வேலையாக நாற்காலியை இழுப்பார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவது அவருக்கு ஆகவே ஆகாது. கரகரவென்று தரையைப் பிறாண்டிக்கொண்டு அந்த நாற்காலி மேசையைச் சுற்றி வந்து, நோயாளியின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். கைபேசியை இழுப்பறையில் போட்டு மூடுவார். பேனா மூடியைக் கழற்றித் தன் வாயில் கவ்விக்கொண்டு, பேனாவை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பார்: "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்? முழுசாவா, பாதியா, இல்ல இன்னிக்கு வேணாமா?" வாயில் மூடி இருப்பதால் முதல் தடவை ஒருவருக்கும் புரியாது. எடுத்துவிட்டு மறுபடி கேட்பார்.

புற்றுநோய்ப் பிரிவில் அவருக்குக் கேள்வி டாக்டர் என்று பெயர். "மத்தவங்ககிட்ட போனா மருந்து எழுதிக் குடுக்கறாங்க, இவருகிட்ட போனா பரீட்சை வைக்கறாரு" என்று வெளியே வரிசையில் புலம்பல் கேட்கும். புலம்பிக்கொண்டே அவர் அறைக்குத்தான் காத்திருப்பார்கள்.

ஊருக்கெல்லாம் முடிவெடுக்கக் கற்றுக்கொடுக்கிற இந்த மனுஷரிடம் வீட்டில் டீயா காபியா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். அதுகூடப் பரவாயில்லை. அவர் தெரிந்துகொள்ளவே விரும்பாத விஷயம் ஒன்று உண்டு. அது அவருடைய சொந்தப் பின்மண்டை. அங்கே மூன்று வருஷமாக, டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்த அளவுக்கு ஒரு சொட்டை. வார்டு முழுக்கத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது, அதாவது தெரியாத மாதிரி. கண்ணாடி பதித்த லிஃப்டில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். முடி வெட்டப் போனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். வெட்டி முடித்து, பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டும்போது, ஒரு மண்ணும் தெரியாத கண்ணால் பார்த்துவிட்டு, "ஆங், பிரமாதம்" என்று எழுந்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் அறைக்கு ஒரு நாள் ஒரு தம்பதி வந்தார்கள். புருஷனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கத்தரித்த மீசை, தலை கொள்ளாமல் கருகருவென்று முடி. குடலில் ஆரம்பித்த கட்டி கல்லீரலுக்கும் போயிருந்தது. உள்ளே வருவதற்கு முன்பே மனைவி டாக்டரை நடையில் மடக்கிவிட்டாள். "சார், அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இடிஞ்சு போயிடுவாரு." அதே நேரத்தில் புருஷன் சிஸ்டரை ஓரங்கட்டி, "எனக்கு எல்லாம் தெரியும்மா, என் சம்சாரத்துக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் வந்து சொன்னதும் டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் இது மூன்றாவது ஜோடி.

நாற்காலி கரகரத்தது. பேனா கை மாறியது. கேள்வி இரண்டு தடவை கேட்கப்பட்டது.

"முழுசா சொல்லுங்க சார்" என்றார் அவர். மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "ஆனா மருந்து விஷயத்துல நீங்களே பாத்து செய்யுங்க. நமக்கென்ன தெரியும்?" என்று புருஷனே தொடர்ந்தார்.

மருந்தை இளைய டாக்டர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். எல்லோருக்கும் வழக்கமாக முதலில் ஏற்றுகிற டிரிப்தான். கையெழுத்துதான் பாக்கி. கேள்வி டாக்டரும் படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டியிருந்தார். அப்போதுதான் தாளில் 'தொழில்: சொந்தம்' என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

"சொந்தத் தொழில்னா என்ன தொழில்?"

"சலூன் சார். முப்பது வருஷமா."

டாக்டருக்குத் திக்கென்றது. அந்த மருந்து விரல் நுனிகளை மரத்துப்போக வைக்கும். பல பேருக்கு மாசக்கணக்கில், சிலருக்குக் கடைசிவரை. சவரக்கத்தி பிடிக்கிற விரல்! "தப்பு எங்க பேர்ல. இதை முதல்லயே கேட்டிருக்கணும்" என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "சரி, உங்க கடையில ஒருத்தர் வந்து உக்காந்து, 'நீங்களே பாத்து வெட்டுங்க'ன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஐயோ, அந்த ஆளுங்கதான் சார் ஆபத்து! வெட்டி முடிச்சதும், 'இப்படியாய்யா சொன்னேன்'னு சண்டைக்கு வருவாங்க."

"அதே பயம்தான் எனக்கும்."

தாளில் இரண்டு கட்டம் போட்டார். இரண்டு மருந்துக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று விரலில் கைவைக்கும். இன்னொன்று விரலை விட்டுவிடும், ஆனால் வயிற்றைப் போட்டு ஓட்டும், முடி கொட்டும், சிலருக்கு மொத்தமாகவே.

"பாதி மீசையில ஆளை உக்கார வச்சுட்டுக் கழிவறைக்கு ஓடணும்ங்கறீங்க" என்றார் சலூன்காரர். சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "அப்புறம், எவ்வளவு காலம் சார்? வருஷம் மாசம்னா எனக்கு மண்டையில ஏறாது. வாடிக்கைக்காரருக்கு மாசம் ஒரு வெட்டு. அந்தக் கணக்குல சொல்லுங்க."

இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியும், இந்த இடத்தில் டாக்டர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்வார். அன்றும் இழுத்துக்கொண்டார். "உங்களை மாதிரி நூறு பேர் மருந்து எடுத்துக்கிட்டா, பாதிப் பேர் இருபது வெட்டைத் தாண்டுவாங்க. ஒரு பத்துப் பேர் எட்டுக்குள்ளயே நின்னு போகலாம். ஒரு பத்துப் பேர் அம்பதையும் தாண்டலாம். நீங்க அதுல யாருன்னு எனக்குத் தெரியாது. முழுசா குணமாயிடும்னு சொன்னேன்னா, அது பொய்."

மனைவி அழுதாள். சலூன்காரர் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒருவரிடம் ஒருவர் மறைக்க இனி எதுவும் இல்லை.

"நீங்க என்ன நினைக்கறீங்கம்மா?" என்று அவளிடமும் கேட்டார் டாக்டர்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "மொட்டைத் தலையன்கிட்ட யாரு சார் முடி வெட்டிக்க வருவா?"

"பல் டாக்டருங்க எல்லாம் முத்துப் பல்லாவா வச்சிருக்காங்க?" என்றார் புருஷன்.

"விரலை விட்டுட்டு இந்த மனுஷன் வீட்ல உக்காந்தா என் உயிரைத்தான் எடுப்பாரு. முடியே போகட்டும் சார், சனியன்."

சலூன்காரர் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தார், பேனாவை ரேசர் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு.

நான்கு மாதம் போயிற்று. ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. வயிறும் சொன்னபடி ஓடிற்று, முடியும் சொன்னதற்கு மேலேயே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வி டாக்டர் அந்த சலூனைத் தேடிப் போனார். விரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பளபளவென்ற மொட்டையோடு நின்ற சலூன்காரர் அவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, துணியைப் போர்த்தி, "எப்படி வெட்டணும் சார்?" என்றார்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டபடி, "நீங்களே பாத்து..." என்று ஆரம்பித்துவிட்டு டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடையே சிரித்தது.

கத்திரி சடசடவென்று ஓடியது. விரல்கள் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. இருபதோ எட்டோ, அம்பதோ, இது அதில் ஐந்தாவது என்று டாக்டரின் மனசு தானாக எண்ணிப் பார்த்தது. முடித்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டு, பின்னால் பிடிக்கிற கண்ணாடியைச் சலூன்காரர் கையில் எடுத்தார். காட்டவில்லை. சீப்பை வாயில் கவ்விக்கொண்டு என்னவோ கேட்டார். புரியவில்லை. சீப்பை எடுத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"எவ்வளவு தெரிஞ்சுக்கணும் சார்? முழுசாவா, பாதியா, இல்ல இன்னிக்கு வேணாமா?"

துணிக்குள்ளே டாக்டரின் கை சட்டைப்பையைத் துழாவியது. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கொடுத்தார்.