வேட்டை ஓபோவில் சுட்ட முத்திரை

இது நடந்தது. நான் எதையும் இருமுறை சந்தேகப்படுகிறவள். அதனால் அன்றே நாட்குறிப்பில் குறித்த நேரங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நவம்பர் 14, வியாழன். லைப்சிக்கில், கருவி செய்யும் மாலை வகுப்பு. அருங்காட்சியகத்திலிருக்கும் முந்நூறு வருடப் பழைய வேட்டை ஓபோவுக்கு நகல் செய்திருந்தேன். பதினான்கு மாத உழைப்பு. அரிவாள் போல் வளைந்த ஊதுகுழல் அது. நேராகக் கடைந்து துளையிட்ட மரத்தை, உள்வளைவில் ரம்பத்தால் வரிசையாகக் கீறி, ஆவி காட்டி வளைத்து, மேலே கறுப்புத் தோல் ஒட்ட வேண்டும். அடுத்து வரும் கருவிக் கண்காட்சியில் என் பெயரோடு வைத்தால் ஏதாவது பட்டறையில் வேலை கிடைக்கும். எனக்கிருந்த ஒரே வழி அது.

மாலை 6.50. தோல் மூடாத மேல்முனையில் ஆசிரியர் பெட்சோல்டின் பெயர் முத்திரை சுடப்பட்டிருந்தது.

"என்ன மாஸ்டர் இது? நான் செஞ்சது."

"கத்துக் குடுத்தது யாரு, தெயா? வேலை ஆளோடது, முத்திரை மாஸ்டரோடது. அந்தக் காலத்துலேர்ந்து இதான் வழக்கம்."

"அப்ப என் பேரு?"

"டைரியில எழுதிக்கோ. அதான் தும்முனாக்கூட எழுதுறியே."

அவர் ஓபோவைப் பெட்டியில் வைக்க எடுத்தார்.

7.08. சர்ர்... சர்ர்...

ரம்பச் சத்தம். சுவரில் ரம்பங்கள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

"யாரு அறுக்கறது?" என்றார் அவர்.

சத்தம் ஓபோவின் தோலுக்கு உள்ளிருந்து வந்தது. அவர் வலது கையால் வளைவைப் பொத்திப் பிடித்தார். நின்றது.

மறுபடி தொடங்கியது. இப்போது மரத்தை அறுக்கும் சத்தமில்லை... மெத்தென்றிருந்தது.

"கையை எடுக்க முடியல," என்றார் மெதுவாக.

அவர் கையைப் பிடித்து இழுத்து விடுவித்தேன். 7.11.

விரல்களின் உட்புறம் முழுக்கக் கீறல்கள். சம இடைவெளியில். ரத்தம் இல்லை.

விரல்கள் உள்நோக்கி வளைந்தன.

கிறீச்...

நிமிரவில்லை.

இன்றுவரை நிமிரவில்லை. மருத்துவர் நரம்புக் கோளாறு என்றார். மறுவாரம் கண்காட்சிப் படிவத்தில் 'செய்தவர்: பெட்சோல்ட்' என்று இடது கையால் எழுதிக் கொடுத்தார், என் கண்ணெதிரே.

ஆத்திரம் அடங்காமல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய ஓபோவை உண்மையில் செய்த ஆளின் பெயராவது இருக்கிறதா என்று ஆவணங்களைப் பார்க்கும் அம்மாளிடம் கேட்டேன். பெட்சோல்டைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

"ஆள் பேரு எங்கயும் இல்லம்மா. அந்தக் கால மாஸ்டர் பேருதான். ஆனா ஒண்ணு, இந்த ஓபோ முடிஞ்ச மாசத்துலேர்ந்து கருவி செய்யறவங்க சங்கப் பதிவேட்டுல அந்த மாஸ்டரோட கையெழுத்தே மாறிப்போச்சு. சாகற வரைக்கும் இடது கையாலதான் போட்டிருக்காரு."