சியாசியின் சனமும் நிமலனின் பேரும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டு சியாசி, தன் இரண்டு வயதுப் பேத்தியை "அனானா" என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய பாஷையில் அம்மா என்று அர்த்தமாம். நாங்களும் சின்னப் பெட்டைகளை "வாங்கோ அம்மா" என்று கொஞ்சுகிற ஆட்கள்தானே, எனக்கு அது புதினமாகவே படவில்லை. அவள் கொஞ்சவில்லை, உண்மையாகவே தன் தாயைக் கூப்பிடுகிறாள் என்று விளங்கக் கனகாலம் எடுத்தது.

கனடாவின் வடகோடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அறிமுகமான அன்றைக்கே, பள்ளிக்கூடப் புத்தகத்தை நம்பி, "நீங்கள் எஸ்கிமோவா?" என்று கேட்டுத் தொலைத்தேன். முகம் வாடிப்போனது. அது பிறத்தியார் வைத்த பேராம். பச்சை இறைச்சி தின்பவர்கள் என்று பொருள் சொல்லிச் சிரித்தார்களாம். பனிச்சப்பாத்துப் பின்னுகிறவர்கள் என்பதுதான் சரி என்று படித்தவர்கள் இப்போது சொல்கிறார்களாம். "எதுவானால் என்ன? நாங்கள் இனுயிட். மனிதர் என்று அர்த்தம்" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. எங்களுக்கு மட்டும் என்ன, அகதி, வந்தேறி என்று எத்தனை பேர்! ஊரில் போரின் கடைசி நாட்களில் ஆமி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன என் தம்பி நிமலனுக்கும் அரசாங்கக் கந்தோரில் ஒரு பேர் வைத்தார்கள்: காணாமல் போனவர்.

என் மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோது சியாசி பார்க்க வந்தாள். செத்தவரின் பேரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பதும், அவரே திரும்பி வந்ததாக முறை சொல்லிக் கூப்பிடுவதும் தங்கள் வழக்கம் என்றாள். பேத்திக்குச் செத்துப்போன தன் தாயின் பேராம்; அதனால்தான் "அனானா". பிறகு சுவரில் நான் மாலை போடாமல் வைத்திருக்கும் தம்பியின் படத்தைக் காட்டி, "இவருடைய பேரை வை. வீட்டுக்கு வரட்டும்" என்றாள்.

"அவன் சாகேல்லை!" என்று கத்திவிட்டேன். தமிழில் கத்தியது அவளுக்கு எங்கே விளங்கும், பாவம். சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் கையைத் தடவினாள்.

மகளுக்கு விளங்கியது. "மாமா வரமாட்டார் அம்மா. உங்களுக்கும் தெரியும்" என்றாள். பேராவது வீட்டில் இருக்கட்டும் என்று, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவன்று நிமலன் என்றே பேர் வைத்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போன் எடுத்தா. "என்ன பேர் வைச்சனியள்?"

சொன்னேன்.

"அப்ப நீயும் அவன் செத்துப்போனான் எண்டு முடிவெடுத்திட்டாய், என்ன?"

"ஐயோ, இல்லையம்மா..." அதற்குள் வைத்துவிட்டா.

இப்போதும் எடுக்கிறா. "பிள்ளை பால் குடிக்குதோ?" என்பா. பேர் சொல்லமாட்டா. "ஓம் அம்மா, பிள்ளை நல்லாக் குடிக்குது" என்று நானும் அந்தப் பேரை விழுங்கிக்கொள்வேன். போனை வைத்த பிறகுதான் தொட்டிலடிக்குப் போய் "நிமலன்" என்று கூப்பிடுகிறேன். இவன் தலையைத் திருப்பிச் சிரிக்கிறான். அங்கே அம்மா, அதே பேருக்காரன் வருவான் என்று வாசல் கேற்றைப் பூட்டாமல் படுக்கிறா.