ஃப்ரிட்ஜில் இடம் கிடைக்காத டப்பா

என் மருமகனுக்குப் பூச்சி எண்ணுகிற உத்தியோகம். பெண் கொடுத்தபோது வன இலாகா என்று சொன்னார்கள். காட்டில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஊரில் அவருக்குப் பூச்சி மாப்பிள்ளை என்றே பெயர்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பைன் காடு. அதில் ஒரு பழுப்பு அந்துப்பூச்சி இருக்கிறது. அதன் புழு ஊசி இலையைத் தின்றே மரத்தை மொட்டையாக்கிவிடும். புழுவின் மயிர் மேலே பட்டால் மூன்று நாள் அரிக்கும். மருமகன் மரத்துக்கு மரம் கூண்டு மாட்டி, பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய ரப்பர் துண்டை உள்ளே வைப்பார். வாசனைக்கு ஓடி வரும் ஆண் பூச்சிகள் பசையில் ஒட்டிக்கொள்ளும். ஆண் ஜாதி எங்கேயும் அப்படித்தான். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு அந்தத் துண்டுகளையும் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சிக்கியதை வாராவாரம் எண்ணி நோட்டில் எழுதுவார். பத்தொன்பது வருடமாக இதேதான். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம்.

போன கோடையில் பூச்சி குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. நோட்டு முழுக்கப் பூஜ்ஜியம். மேலிடத்திலிருந்து ஒரே உறையில் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று பாராட்டு. இன்னொன்று, பூச்சி இல்லாத காட்டுக்கு ஆள் எதற்கு, வீட்டில் இருக்கலாம் என்று.

என் மகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு இருபதுன்னு எழுதிட்டா என்னங்க? யாரு வந்து எண்ணப் போறா?"

"வராத பூச்சிய எப்படி எழுதறது?" என்று சொல்லிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தார் அவர். பூச்சியே இல்லாத காட்டிலிருந்து வருகிறவருக்கு ஏன் அரிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அந்த இரண்டாவது காகிதத்தில் கையெழுத்து வாங்க அதிகாரி ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். அன்று தபாலில் புது ரப்பர் துண்டுகள் வந்திருந்தன. கடைசியாக ஒன்றை மாட்டிக் காட்டலாம் என்று மருமகன் சட்டைப்பையில் போட்டு வைத்திருந்தார். வாசலில் நாற்காலி போட்டு டீ கொடுத்தேன். அதிகாரி பேனாவை நீட்டினார். மருமகன் சட்டையில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. தட்டிவிட்டார். இன்னொன்று வந்தது. பேனா மூடியைக் கழற்றுவதற்குள் பதினொன்று.

"பூச்சியே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இவங்கல்லாம் யாரு, உங்கள வழியனுப்ப வந்தவங்களா?"

மருமகன் பையிலிருந்து துண்டை எடுத்தார். "சார், இது புதுசு. கூண்டுல இருக்கறது பழைய டப்பாவுல எடுத்தது..." பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "அத்தை, அந்த டப்பா ஃப்ரிட்ஜுலதானே இருக்கு?"

"பால் வைக்கிற இடத்துல பூச்சி சாமானா? கோடை ஆரம்பிச்சதுமே அடுப்புக்கு மேல பலகையில எடுத்து வச்சுட்டேன். பத்திரமாத்தான் இருக்கு மாப்பிள்ளை."

சூடு பட்டால் அந்த வாசனை போய்விடுமாம். டப்பா சில்லென்று இருக்க வேண்டும் என்று அவர் முதலிலேயே சொன்னது வாஸ்தவம். என் பாலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அதிகாரி காகிதத்தை மடித்துக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பார்த்தார். மரங்களின் உச்சியெல்லாம் மொட்டை. மருமகனுக்குக் கூண்டுக்கு மேலே பார்த்துப் பழக்கமில்லை. புழுக்கள் சாப்பிட்ட சாப்பாட்டில் என் மருமகனின் வேலை நிலைத்தது. பாராட்டுக் காகிதத்தை மட்டும் அதிகாரி திரும்ப வாங்கிக்கொண்டார்.

நோட்டில் பூஜ்ஜியங்களுக்குப் பக்கத்தில் மருமகன் 'தவறு, காரணம் சூடு' என்று எழுதியிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். எந்த அடுப்பின் சூடு என்று எழுதவில்லை. நல்ல மனுஷர்.

டப்பா ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டது. பாலை நான் வெளியே எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க நான் விடமாட்டேன்.