போலிக்கால்

பி.எட். பயிற்சிக்காகக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு செல் உயிரிகள் எப்படி நகர்கின்றன என்பது பாடம். வைக்கோல் ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பரமீசியம் உடம்பைச் சுற்றியிருக்கும் குறு இழைகளைத் துடுப்பு மாதிரி அடித்து, சுழன்றுகொண்டே ஓடும். நிற்காது. பஞ்சு இழை போட்டு வழி மறித்தால்தான் பார்க்க முடியும்.

"சார், முட்டிட்டு ரிவர்ஸ் எடுக்குது சார்!" என்று கத்தினார்கள் பிள்ளைகள்.

குனிந்து பார்த்தேன். எடுத்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த மாதங்களில் எதைப் பார்த்தாலும் அப்படித்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் வந்தும் அவர் போடவில்லை. கதவுக்குப் பின்னால் செருப்புகளோடு நின்றது. தியாகதுருகம் பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில்தான் எங்கள் விவசாயம். அறுவடை முடிந்ததும் வந்து பார்ப்பதாக நிலக்காரர் சொல்லியிருந்தார். அப்பா நடந்தால் நிலம் தங்கும். இல்லாவிட்டால் படிப்பை விட்டு நான் வயலில் இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருத்தன்தான்.

வைக்கோல் தண்ணீரில் அமீபா கிடைக்கவில்லை. அதனால் வீட்டில் சார்ட்டில் வரைந்துகொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, பிஞ்சி போன தோசையாட்டம் வரஞ்சிக்கினு கீற?"

"அமீபா பா. அதுக்குக் காலு கெடையாது. ஒடம்பையே ஒரு பக்கமா நீட்டும். உள்ள இருக்கிற கூழ் அந்தப் பக்கம் ஓடும். அப்படியே நகந்துடும். அதுக்குப் பேரு போலிக்கால்."

"போலியா? அதுக்கும் ஆஸ்பத்திரில குடுத்தாங்களா?"

அம்மா சிரித்துவிட்டாள்.

"கழட்டி எங்க வைக்கும்?"

"கழட்டாதுப்பா. வேலை முடிஞ்சா உள்ள இழுத்துக்கும். வேணும்னா வேற பக்கம் நீட்டும்."

"அப்ப அதுவாடா போலி? சொந்தக் காலுடா அது. பேரு வெச்சவன் எங்கிட்ட கேட்டிருக்கணும்." கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "அத்த எடுத்துக்கினு வா. போட்டுப் பாப்போம்."

நிலக்காரர் வந்த அன்று அப்பா வரப்பில் அவருக்குப் பின்னால் மோட்டார் கொட்டகை வரை நடந்தார். திரும்பியும் நடந்தே வந்தார்.

"பரவால்லியே, என்னவிட வேகமா வரியேப்பா," என்றார் நிலக்காரர். "மரவள்ளி போடு. வர்ற வருஷம் பாத்துக்கலாம்."

அவர் கார் போனதும் அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செயற்கைக் காலின் பட்டையை அவிழ்த்தார். உள்ளே போட்டிருந்த உறை ரத்தத்தில் நனைந்து ஒட்டியிருந்தது.

"வலிச்சிதாப்பா?"

"தெரியலியேடா. நெலம் கீது, வுடு. நாளைக்கு நீ பஸ்ஸ வுட்டுடாத."

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்றார். சரி என்றேன். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பைக்கை வீட்டுப் பக்கம் திருப்பாமல் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். கழற்றிய காலை மடியில் பிடித்துக்கொண்டு, மரவள்ளிக் குச்சி யாரிடம் வாங்கலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.